ரேஸ் காரில் ஏறிப்போன தலையணை

ஆறாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் ஒரு ரேஸ் காருக்குக் காவல் நிற்கும் வேலை எனக்குக் கிடைத்தது. கால் மணி நேரத்தில் அதைக் கோட்டை விட்டுவிட்டதாக இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பெங்களூரில் கண்டெய்னர் லாரி ஓட்டினார். கோயம்புத்தூர் பந்தய மைதானத்துக்குக் கார்களை ஏற்றிப்போவது அவர் வேலை. முந்தின வாரம் போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ரோட்டில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று. "இதே காரத்தான் மாப்ள ரேஸுக்குனு புதுசா செஞ்சிருக்காங்க. நான்தான் ஏத்திக்கினு வரேன்" என்றார். வீட்டு டி.வி. ரிப்பேருக்குப் போயிருந்ததால் நாளெல்லாம் எனக்கு அந்த வீடியோதான். சிவப்புத் தோல் சீட்டுகள், நடுவில் பெரிய திரை, ஏ.சி. காற்று வரும் வட்டங்கள் எல்லாம் மனப்பாடம்.

தருமபுரியிலிருந்து நேராகச் சேலம் போக வேண்டிய லாரியை அன்று மதியம் அவர் எங்கள் பொம்மிடிப் பக்கம் திருப்பிவிட்டார். அக்கா கையால் சாப்பிட்டு எத்தனையோ மாதமாயிற்றாம். அம்மாவுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம்.

"உங்க ஓனருக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா வேல போயிடும். சீக்கிரம் சோத்தப் போடுக்கா."

லாரியின் பின்கதவைத் திறந்து, காரைக் கட்டியிருந்த பட்டைகளை இழுத்துப் பார்த்துவிட்டு, பூட்டாமல் சாத்தினார். "சாப்ட்டு வந்து காட்டறேன். அதுவரைக்கும் ஈ காக்கா கிட்ட வரக்கூடாது. நீதான் செக்யூரிட்டி."

ஐந்து நிமிடம் விறைப்பாக நின்றேன். இப்படி நிற்பதைப் பார்க்க ஓர் ஆளாவது வேண்டாமா? அடுத்த தெருவிலிருந்த வகுப்புத் தோழனைக் கூப்பிட ஓடினேன். அவன் மாடு ஓட்டிக்கொண்டு ஏரிப்பக்கம் போயிருந்தான். திரும்பி வந்தபோது லாரியின் கதவு ஒருக்களித்துத் திறந்து கிடந்தது. காற்று தள்ளியிருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. மேலே ஏறி, உறையைத் தூக்கி, காரின் கதவைத் திறந்தேன்.

எல்லாம் போயிருந்தது. ஓட்டுகிறவர் சீட்டு ஒன்றைத் தவிர வேறு சீட்டே இல்லை. பெரிய திரை இல்லை, ஏ.சி. இல்லை, தரைவிரிப்பு இல்லை. கதவின் உள்பக்கம் வெறும் தகடு. எதையோ பிடுங்கிய இடம் மாதிரி ஒயர்கள். ஸ்டீயரிங்கைக்கூட விட்டுவைக்கவில்லை. நான் போய்வந்த நேரத்துக்குள் மாமாவின் வேலையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

சொல்ல வாய் வரவில்லை. பின்வாசல் வழியாக வீட்டுக்குள் ஓடினேன். பாயில் அம்மாவின் தலையணை கிடந்தது. அதன் உறை சிவப்பு. தரையிலேயே கிடந்ததால் சட்டென்று எடுக்க முடிந்தது. அதைக் கொண்டுபோய்ப் பக்கத்து சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் நிறுத்திவைத்தேன். கண்ணாடி வழியாகப் பார்க்கிறவர்களுக்குச் சீட்டு மாதிரியே தெரியும் என்பது என் கணக்கு.

மாமா கை கழுவும்போதே ஓனரின் போன் வந்துவிட்டது. "தொப்பூர்கிட்ட ஜாமுங்க சார்" என்று கூசாமல் சொன்னார். என்னைப் பார்த்து, "அடுத்த தபா காட்டறேன் மாப்ள" என்றார். கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தப்பித்தேன் என்றும் இருந்தது. லாரிக்குப் பின்னாலேயே ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றும் இருந்தது. நின்ற இடத்திலேயே நின்றேன்.

அந்த இரண்டு நாளும் போன் அடித்தாலே எனக்கு மூத்திரம் முட்டியது. சோறு இறங்கவில்லை. அம்மா தலையணையைத் தேடினாள். நானும் கூடவே தேடினேன்.

மூன்றாம் நாள் மாமாவே அழைத்தார். "அக்கா, உன் தலகாணி என்கிட்டதான் இருக்குது. அவன்கிட்ட குடு."

அவர் கேட்பதற்கு முன்பே அழுதுவிட்டேன். "சீட்டு, ஏ.சி., டி.வி., ஸ்டீயரிங்கு எல்லாத்தையும் திருடிட்டாங்க மாமா. நான் அங்க இல்ல."

மாமா இருமும்வரை சிரித்தார். "அட லூசு மாப்ள! அதெல்லாம் அவங்களே கழட்டினதுடா. வெயிட்டு கொறஞ்சாத்தான் பறக்கும். ஸ்டீயரிங்க ஆளு ஏறி உக்காந்தப்புறம்தான் மாட்டுவாங்க. ஒரு கிலோவக் கொறைக்க ஒரு நாள் பூரா மண்டைய ஒடச்சிக்கிறாங்க, நீ தலகாணி ஏத்தி அனுப்பியிருக்க!"

"உங்க வேல?"

"நான்தான் தூங்கறதுக்கு வெச்சேன்னு சொல்லிட்டேன். நல்லாத் திட்டனாங்க. வேல இருக்குது, போ."

அன்று மூன்று தட்டு சோறு சாப்பிட்டேன்.

அந்த ஜூன் மாதம் தருமபுரியில் பணம் கட்டிப் படிக்கும், விடுதியோடு கூடிய பள்ளியில் என்னைச் சேர்த்தார்கள். எங்கள் வீட்டில் ஐந்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். டி.வி. ரிப்பேரிலிருந்து திரும்பவே இல்லை. அம்மாவின் தையல் மெஷின் பெரியம்மா வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அப்பா பைக்கை விட்டுவிட்டு, நடந்தால் உடம்புக்கு நல்லது என்று பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸுக்கு நடந்து போனார். நானும் நல்லதுதான் என்று தலையாட்டினேன்.

ஒரு காருக்குள் என்னென்ன இல்லை என்று ஒரே பார்வையில் சொன்னவன் நான். தலையணை எடுக்க ஓடிய அன்று அது ஏன் தரையில் கிடந்தது, அம்மாவின் கட்டில் எங்கே என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.