தேசம்மா அக்கா கேட்ட பங்கு

போன மாதம் ஒரு காலை, திருப்பதியில் என் பரிசோதனைக்கூடத்தின் ஷட்டரை ஏற்றிக்கொண்டிருந்தபோது தேசம்மா அக்காவின் மகள் கௌரி போன் செய்தாள். "மாமா, அம்மா பூட்ச்சி" என்றாள். தேசம்மா அக்கா இதய நோயோடு சில நாட்களாக மருத்துவமனையில் இருந்தார். அன்று காலை காபி கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறார். சர்க்கரை போதவில்லை, இன்னும் கொஞ்சம் போடு என்று நர்ஸிடம் கேட்டிருக்கிறார். முடியாது என்று சொல்லிச் சிரித்தபடி அந்தப் பெண் திரும்பிய நேரத்தில் உயிர் பிரிந்துவிட்டது. இதைச் சொல்லும்போது கௌரி அழுதுகொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கடைசி வரைக்கும் கேட்டுக்கினே இருந்துச்சி மாமா" என்றாள்.

சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையில் அவரோடு வரிசையில் நின்றவர்களுக்கும், திருப்பதி ஹோட்டல் சமையலறையில் அவரோடு உட்கார்ந்து காய் நறுக்கியவர்களுக்கும் நான் புதிதாக எதையும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அவரைப் பற்றிப் பேச நாலு பேர் கூடினால் போதும், துக்க வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிடுகிறது. அந்தச் சந்தோஷத்துக்காகவே எழுதுகிறேன்.

அவரை நான் முதலில் பார்த்தது பேருந்தில். காட்பாடியிலிருந்து சித்தூர் போகிற வழியில் இருந்த அந்த ஆலையில் அப்போதுதான் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆலை வாசலில் வண்டி நிற்காது. அதைத் தாண்டி வெகுதூரத்தில் இறக்கிவிடுவார்கள், வெயிலில் திரும்பி நடக்க வேண்டும். எல்லோரும் கண்டக்டரைத் திட்டிக்கொண்டே நடந்தோம். தேசம்மா அக்கா மட்டும் தினமும் அவரிடம் தெலுங்கில் சிரித்த முகமாகக் கேட்டார். அங்கே ஸ்டாப் இல்லை என்று அவரும் தினமும் சொன்னார். இவர் சரி என்று இறங்கிவிட்டு, மறுநாள் முதல் முறை கேட்பதுபோல் மறுபடி கேட்டார். இடையில் கண்டக்டரின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததையும் விசாரித்தார். ஒரு நாள் யாரும் கேட்காமலே டிரைவர் வாசலில் வண்டியை நிறுத்தினார். அதன்பிறகு அது ஸ்டாப் ஆகிவிட்டது.

எப்படி அக்கா சலிக்காமல் கேட்கிறீர்கள் என்றேன். "கேட்டா இன்னா தம்பி, வாய் தேஞ்சா பூடும்?" என்றார். இதை நீங்கள் எல்லோருமே அவர் வாயால் கேட்டிருப்பீர்கள். காய்கறிக் கடையில் கறிவேப்பிலையிலிருந்து கோயில் வரிசையில் குழந்தைக்காரிக்கு இடம் வரைக்கும் எல்லாவற்றையும் கேட்டு வாங்கியவர் அவர். அவர் கேட்பதில் கெஞ்சலும் இருக்காது, அதட்டலும் இருக்காது. கொடுக்க வேண்டியதை நீ மறந்துவிட்டாய், நான் நினைவுபடுத்துகிறேன் என்பது போலக் கேட்பார்.

ஆலைக்குள் வேலை கடினம். தோத்தாபுரி மாங்காய் இறங்கும் வெயில் காலத்தில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். பழுத்த பழங்கள் கழுவப்பட்டு பெல்ட்டில் ஓடி வரும். இரண்டு பக்கமும் பெண்கள் நின்று, கெட்டுப்போன பாகத்தையும் காம்பையும் கத்தியால் வெட்டித் தள்ளுவார்கள். காம்பில் ஒழுகும் பால் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்துபோகும். கொதிகலனின் சூடு வேறு. ஒரு நாள் ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்த்த அக்கா, நான் கையில் கிளவுஸ் மாட்டிக்கொண்டு கண்ணாடிக் குடுவையைப் பிடித்திருப்பதைக் கண்டார். கண்ணாடி கடிக்குமா என்று விசாரித்துவிட்டு நேராக மானேஜரிடம் போனார். அடுத்த வாரம் வரிசையில் நின்ற எல்லோருக்கும் கிளவுஸ் வந்தது. இதெல்லாம் சின்ன வெற்றிகள். பெரிய கேள்வி பிறகுதான் வந்தது.

அந்த வருடம் ஆலைக்கு வெளிநாட்டு ஆர்டர்கள் குவிந்தன. சீசன் முடியும் தறுவாயில் முதலாளி எல்லோரையும் முற்றத்தில் கூட்டி இனிப்புக் கொடுத்தார். நல்ல மனிதர், ஆனால் பேச்சில் கொஞ்சம் பெருமை உண்டு. ஆலை தொடங்கியதிலிருந்து இப்படி லாபம் வந்ததில்லை, இது நம் குடும்பத்தின் வெற்றி என்று தெலுங்கில் உருக்கமாகப் பேசினார். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது தேசம்மா அக்கா. உண்மையாகவே சந்தோஷப்பட்டுத்தான் தட்டினார், எனக்கு நன்றாகத் தெரியும். தட்டி முடித்துவிட்டு, "ரொம்ப சந்தோசம் சார். அதுல எங்களுக்கு இன்னா?" என்று கேட்டார்.

முதலாளி கோபப்படவில்லை. பக்கத்து ஆலைகளில் என்ன கூலியோ அதைத்தான் நாமும் தருகிறோம் என்று பொறுமையாக விளக்கினார். நான் ஏற்றிக் கொடுத்தால் மற்ற முதலாளிகள் என்னோடு சண்டைக்கு வருவார்கள் என்றார். கடைசியில், இதுதான் பதில் என்கிற தெம்போடு, லாபம் வந்தால் பங்கு கேட்கிறாயே, நஷ்டம் வந்தால் அதிலும் பங்கு எடுத்துக்கொள்வாயா என்று கேட்டார்.

அக்கா யோசிக்கவே இல்லை. "போன வருசம் மாங்கா இல்லன்னு பாதி சீசனு எங்கள ஊட்டுக்கு அனுப்பிட்டீங்களே சார். கூலி இல்லாம குந்திக்கினு இருந்தோம். நஷ்டத்துல எங்க பங்க அப்பவே வாங்கிக்கினோம். லாபத்துலதான் இன்னும் வரல."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முதலாளி "ஆலோசிஸ்தானு" என்றார். யோசிக்கிறேன் என்று அர்த்தம். சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

சாதாரணமாக அது அத்தோடு முடிந்துபோகும். மறுநாள் காலை கார் வாசலில் நுழைந்தபோது அக்கா ஓரமாக நின்று கும்பிட்டு, "ஆலோசிஞ்சாரா சார்?" என்றார். யோசித்தீர்களா என்று. முதலாளி சிரித்துக்கொண்டு கையை அசைத்தார். அதற்கடுத்த நாளும் கேட்டார். சில நாட்களில் கார் வரும்போது வாசலில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் கோயிலில் பாட்டுப் பாடுகிற மாதிரி ஒரே குரலில் கேட்க ஆரம்பித்தார்கள். யாரும் வேலையை நிறுத்தவில்லை, கொடி பிடிக்கவில்லை, ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. முதலாளி லாரிகள் வருகிற பின்வாசல் வழியாக வரத் தொடங்கினார். லாரி டிரைவர்களுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அங்கே அவர்கள் கேட்டார்கள்.

மானேஜருக்குத்தான் தாங்கவில்லை. ஆலை ஒன்றும் தர்மசத்திரம் இல்லை, இந்தக் கூலிக்கு ஆள் கிடைக்கும்போது எதற்கு ஏற்ற வேண்டும் என்று என்னிடம் சொல்வார். எனக்கும் அதில் ஏதோ நியாயம் இருப்பதாகவே பட்டது. படித்த பாடமும் அப்படித்தானே. பேருந்தில் அக்காவிடம் அதை அப்படியே சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், "இந்தக் கூலிக்கு வராங்கன்னா அது போதும்னு அர்த்தமா தம்பி? வேற எங்கியும் போவ வழி இல்லன்னு அர்த்தம்" என்றார். அன்று முழுவதும் அதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த சீசனுக்கு ஆள் கூப்பிட்டபோது தேசம்மா அக்காவைக் கூப்பிடவில்லை. சீசன் வேலையில் யாரையும் நீக்க வேண்டிய தேவையே இல்லை, கூப்பிடாமல் விட்டால் போதும். அவர் வீட்டுக்காரர் டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பு அடிபட்டுப் படுத்திருந்தார். கௌரி நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். நான் பதறிப்போய் அவர் ஊருக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. அடிபட்ட நைனாவைப் பார்த்துக்கொள்ளச் சித்தப்பா வீட்டில் விட்டிருக்கிறோம், அம்மா திருப்பதிக்குப் போய்விட்டது என்று கௌரி போனில் சொன்னாள்.

அக்கா அங்கே கல்யாண மண்டபத்தோடு சேர்ந்த ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போய், காய் நறுக்க ஆள் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். வேண்டும் என்றிருக்கிறார்கள். ஆலையைவிடக் கூலி அதிகம், வருடம் முழுக்க வேலை, சாப்பாடு, தங்க இடம். முதல் வாரமே வரிசையில் தன்னோடு நின்றவர்களுக்குப் போன் செய்தார். "இங்க ஃபேன் கீது, குந்திக்கினே வேல செய்யலாம், மூணு வேளையும் துன்னலாம், வாங்கடி" என்று சொன்னதாக ராணி என்கிற பெண் என்னிடம் சொல்லிவிட்டு, அவளும் மறுநாள் கிளம்பிவிட்டாள். இப்படி ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். சீசன் உச்சத்தில் ஆலையில் பெல்ட்டின் ஒரு பக்கம் காலியாகக் கிடந்தது. கூடைகளில் பழம் கனிந்து, பிறகு கனிவு மீறி, ஈ மொய்க்க ஆரம்பித்தது. மானேஜர் ஊர் ஊராக ஜீப்பில் ஆள் தேடி அலைந்தார்.

அந்தச் சமயம் மானேஜரின் மகள் கல்யாணம் வந்தது. அது நடந்தது அதே மண்டபத்தில். இதை அக்கா திட்டமிட்டுச் செய்தார் என்று சிலர் சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஆனால் அவர் இருக்கும்வரை அதை மறுத்ததும் இல்லை. பந்தியில் முதலாளி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மாங்காய்ப் பச்சடியை இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். பரிமாற வந்த பெண்ணை நிமிர்ந்து பார்த்தால், அது ராணி. கையைக் கழுவிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

பூசணிக்காய்க் குவியலுக்கு நடுவே அவருடைய ஆலை வரிசை அப்படியே உட்கார்ந்திருந்தது. அக்கா எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார்.

"ஆலோசிஞ்சாரா சார்?"

முதலாளிக்கு முகம் முதலில் சிவந்தது. பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். சமையலறையே சிரித்தது. "ஆலோசிஞ்சானு. ராண்டி" என்றார். யோசித்துவிட்டேன், வாருங்கள்.

"வரோம் சார். இங்க குடுக்கறத வுட கம்மியா குடுத்தா எதுக்கு வரணும், நீங்களே சொல்லுங்க" என்றார் அக்கா. அங்கேயே, வெங்காயத் தோலுக்கு நடுவில் நின்றபடி பேச்சு முடிந்தது. ஹோட்டலில் தருகிற கூலி ஆலையிலும் கிடைக்கும். லாபம் வந்த வருடம் சீசன் முடிவில் எல்லோருக்கும் ஒரு பங்கு. இவர்களை விட மனமில்லாமல் ஹோட்டல்காரரும் கூலியை ஏற்றினார். பாதிப் பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். தேசம்மா அக்கா ஆலைக்குத் திரும்பினார். ஆனால் அன்றைய பந்திக்கு நறுக்க வேண்டிய காயை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் இடத்தைவிட்டு எழுந்தார்.

கூலி ஏறினால் ஆலை மூழ்கிவிடும் என்று மானேஜர் புலம்பிக்கொண்டிருந்தது நடக்கவில்லை. ஆட்கள் நிலைத்தார்கள், பழம் வீணாவது குறைந்தது. பக்கத்து ஆலைகளும் வேறு வழியில்லாமல் ஏற்றின. சில வருடம் கழித்து ஒரு மோசமான சீசன் வந்தது. ஆர்டர்கள் ரத்தாகி, கூழ் டிரம் டிரம்மாகத் தேங்கியது. பங்கு கிடையாது என்று தெரிந்ததும் வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. அக்கா அவர்கள் பக்கம் திரும்பி, "லாபத்துலதான பங்கு கேட்டோம். இல்லாதத எங்கேர்ந்து குடுப்பாரு? கூலிய கொறைக்கட்டும், அப்ப வந்து நான் பேசறேன்" என்றார். கூலி குறையவில்லை. முதலாளி ஆளுக்கு ஒரு கூடை பழம் கொடுத்தார். கௌரியின் மாமியாருக்கு என்று சொல்லி அக்கா இன்னொரு கூடை கேட்டு வாங்கினார்.

அவருடைய ஊரில் நடந்த இறுதிச் சடங்குக்கு முதலாளி வந்திருந்தார். இப்போது வயதாகிவிட்டது, மகன்தான் ஆலையைப் பார்க்கிறார். ஆலைக்காரப் பெண்கள் ஒரு பக்கமும் ஹோட்டல்காரப் பெண்கள் ஒரு பக்கமும் நின்று, அக்கா எங்கள் ஆள், எங்கள் ஆள் என்று செல்லச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது என் தோளில் கை வைத்து, "என்னிடம் பயப்படாமல் பேசிய ஒரே ஆள், இனி என் மகனிடம் யார் பேசுவார்களோ" என்று தெலுங்கில் சொன்னார். ராணி அருகில்தான் நின்றிருந்தாள். "நாங்க கீறோம் சார்" என்றாள்.

அக்காவிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று ஊரிலிருந்து திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். அவர்போல் கேட்க எனக்கு வராது, கூச்சம் என் பிறவிக் குணம். ஆனால் ஆலையை விட்டு வந்து சொந்தமாக ஒரு தொழிலை நடத்துகிறவனாக நான் அவரிடம் ஒன்றைக் கற்றிருக்கிறேன். லாபம் என்று வாய்விட்டுச் சொல்வதற்கு முன், அதைக் கேட்டுக்கொண்டு நிற்பவர்கள் யார் என்று சுற்றிப் பார்க்கிறேன். இந்த வருடம் என் பரிசோதனைக்கூடத்துக்கு நல்ல வருடம். சென்ற வாரம் என்னிடம் வேலை செய்பவர்களை உட்கார வைத்து அதைச் சொன்னேன். சந்தோஷம் சார் என்றார்கள். பிறகு எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், என்னைப் போலவே கூச்சக்காரர்கள். டீ வரவழைத்தேன். நாற்காலியை அவர்கள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். "இப்ப கேளுங்க" என்றேன். "நீங்க கேக்கற வரைக்கும் நான் எழுந்திருக்கப் போறதில்ல."