ஒரே கூரை, தனித்தனிப் பூட்டு

என் அக்கா கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மூக்கில் அழுத்துகிறது, காதில் இடிக்கிறது என்று வருகிறவர்களுக்கு ஃபிரேமை வளைத்துச் சரிசெய்து கொடுப்பாள். பொறுமைசாலி. அப்படிப்பட்டவள் ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் விவாகரத்து வேண்டும் என்றாள். நாங்கள் யாரும் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை, விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டோம்.

மாமா பூட்டு ரிப்பேர்காரர். சாவி தொலைந்தால் ஊரே அவரைத்தான் கூப்பிடும். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், இன்னொரு பெண்ணை ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். எங்கள் சொந்தக்காரர்கள் இந்த மூன்றையும் வரிசையாகக் கேட்டார்கள். மூன்றுக்கும் அக்கா இல்லை என்றாள். அப்புறம் எதற்கு என்றார்கள். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கொழுப்பு என்று பெரியம்மா முடிவுகட்டினாள். மாமாவோ, அவளுக்கு வேண்டுமென்றால் சரி என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

இந்த மாதிரி நேரத்தில் வக்கீலிடம் அலைய ஒரு தம்பி வேண்டுமல்லவா, நான் இருந்தேன். ஊரார் கேட்கச் சொன்னதையெல்லாம் கேட்டேன். இருவரும் சம்மதித்தால் சண்டை போடாமலே முடியுமா? முடியும், ஆனால் ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பையன் யாருக்கு? அவனுக்கே கல்யாண வயது, வெளியூரில் வேலை, யாருக்கும் இல்லை. இன்னொரு வீடு பார்க்க வசதி இல்லையே? ஒரே கூரையின் கீழும் பிரிந்து வாழலாம், ஆனால் சமையல் வேறு, படுக்கை வேறு, போய்வரும் வழி வேறு என்று நீதிபதி நம்ப வேண்டும். நம்பாவிட்டால்? மனு தள்ளுபடி, முதலிலிருந்து இன்னொரு வருடம். வக்கீலம்மா இதையெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். அவருக்குச் சளி.

நான் போய் மாமாவிடம் ஒப்பித்தேன். அதை அவர் சட்டமாகக் கேட்கவில்லை, வேலை ஆர்டராக எடுத்துக்கொண்டார். அந்த வாரமே கூடத்தின் நடுவில் பலகை அடித்து, இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு வைத்தார். இரண்டுக்கும் பூட்டு. அலமாரிக்குப் பூட்டு. அடுப்பு மேடையைக்கூடப் பிரித்து மசாலா டப்பாக்களுக்குக் கம்பிக்கதவு போட்டுப் பூட்டினார். வீட்டைப் பார்த்தால் ரயில் நிலையத்தில் பெட்டி வைக்கும் அறை போல இருந்தது. வக்கீலம்மா நேரில் வந்து பார்த்து, இதைவிடச் சாட்சி வேண்டாம் என்று சந்தோஷப்பட்டார்.

வருடம் ஓடியது, மனு விசாரணைக்கு வந்தது. நீதிபதி வயதானவர், சாவகாசமானவர். பூட்டுகளைப் பற்றி மாமாவிடமே விசாரித்தார். தொழிலைப் பற்றிக் கேட்டால் மனுஷனுக்கு வாய் நிற்காது. லீவர், ஸ்பிரிங் எல்லாம் விளக்கினார். சாவி யாரிடம் இருக்கிறது என்றார் நீதிபதி.

"எந்தப் பூட்டுக்கும் ரெண்டு சாவி போடணும், ஐயா. ஒண்ணு நம்மகிட்ட. இன்னொண்ணு நம்பிக்கையான ஆள்கிட்ட."

"யாரு அந்த ஆள்?"

மாமா அக்காவைக் காட்டினார்.

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு மாமாவின் வாயைத் தைத்துவிடலாம் போல இருந்தது. ஒரு வருடத்தையும் ஒரே பதிலில் கவிழ்த்துவிட்டார், அதுவும் பெருமையாக.

அந்தச் சாவியைப் பயன்படுத்தியது உண்டா என்று நீதிபதி அக்காவிடம் கேட்டார். உண்டு என்றாள். பொய் சொல்லத் தெரியாத குடும்பத்தில் பிறந்த வினை. அவர் காய்ச்சலில் கிடந்தார், மாத்திரை கொடுத்துவிட்டு மறுபடி பூட்டிவிட்டு வந்தேன் என்றாள். நீதிபதி காகிதங்களை ஓரமாகத் தள்ளினார். இனி மனு தேறாது என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

"இவ்வளவு நம்பிக்கை இருக்கு. பாத்துக்கவும் செய்யறீங்க. பின்ன எதுக்கும்மா பிரியணும்?"

எங்கள் குடும்பமே கேட்ட கேள்விதான். இந்த முறை அக்கா பதில் சொன்னாள்.

"கல்யாணமானதுலேர்ந்து எங்க வீட்டு உள்கதவு எதுக்கும் தாழ்ப்பாள் கிடையாது, ஐயா. வீட்டுக்குள்ள எதுக்குன்னு இவரு கழட்டிட்டாரு. நான் துணி மாத்தினாலும் வருவாரு. அழுதுட்டு இருந்தாலும் வருவாரு. தப்பா ஒண்ணும் செய்ய மாட்டாரு, ஏதாவது தேடிட்டுப் போயிடுவாரு. இந்த ஒரு வருஷமாத்தான் கதவைத் தட்டறாரு. நான் வாங்கன்னு சொல்ற வரைக்கும் வெளிய நிக்கறாரு. எனக்கு அது வேணும்."

நீதிபதி மாமாவைப் பார்த்தார்.

"தட்டணும்னு எனக்குத் தோணினதே இல்ல, ஐயா. என் வீடுதானேன்னு இருந்துட்டேன்."

நீதிபதி காகிதங்களைத் திரும்ப இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பிரிந்து வாழ்ந்தது நிரூபணமானதாக எழுதியிருந்தார் என்று வக்கீலம்மா பிறகு சொன்னார்.

வெளியே வராந்தா பெஞ்சில் அக்கா உட்கார்ந்து அழுதாள். கேட்டது கிடைத்த பிறகு ஏன் அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது, என் கண்ணும் கலங்கியதால் இன்னும் எரிச்சலாக வந்தது. மாமா கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். பிறகு பெஞ்சருகே வந்தார்.

"பக்கத்துல உக்காரலாமா?" என்று கேட்டார்.

அக்கா நகர்ந்து இடம் விட்டாள்.