ஓமலூர் ஆத்தா வச்ச ஒப்பாரி

இன்னைக்குக் கண் ஆஸ்பத்திரியில ஒரு கூத்து.

எங்க அம்மாவைப் பெத்த அம்மாயிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி, ரெண்டு கண்ணுலயும் கட்டு. தலைக்கு ரெண்டு பக்கமும் மணல் மூட்டை. அசையக்கூடாது, சிரிக்கவே கூடாது, மீறினா பார்வை போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். காவலுக்கு நான்.

மத்தியானம் அம்மாயியோட ஓரகத்தி, ஓமலூர் ஆத்தா, பெட்ரோலுக்குப் பதிலாக் கரியில ஓடுற பஸ்ஸைப் பிடிச்சு வந்தாங்க. ஒரு எருமைக் கன்னு யாருதுங்கிற சண்டையில ரெண்டு பேருக்கும் பல வருஷமாப் பேச்சுவார்த்தை கிடையாது.

வாசல்லயே நின்னு பார்த்தாங்க. தலையில கட்டு, மேல வெள்ளைத் துணி, அசையாம ஆள். அவ்வளவுதான், மாருல அடிச்சுக்கிட்டு ஒப்பாரியை ஆரம்பிச்சுட்டாங்க!

நான் பதறி எழுந்திரிச்சேன். அம்மாயி என் கையை இறுக்கிப் பிடிச்சுட்டாங்க. விடவே இல்லை.

"என் மவராசி, உன் கைமணம் இனி ஆருக்கு வரும்... அந்தக் கன்னு உன்னுதுதான் அக்கா, நாந்தான் பொய் சொன்னேன்!"

அம்மாயி உதட்டை மட்டும் மெதுவா அசைச்சு என்கிட்ட சொன்னாங்க.

"சாமி, நீதான் சாட்சி. கன்னை ஓட்டிட்டு வரச் சொல்லு."

ஒப்பாரி பட்டுனு நின்னுச்சு.

"அக்கா, உசுரோடவா இருக்கறீங்க!"ன்னு ஆத்தா அழுதுக்கிட்டே கட்டில்ல வந்து உட்கார்ந்தாங்க. இப்ப விசிறி விட்டுக்கிட்டு இருக்காங்க.

அந்தக் கன்னு இன்னைக்குப் பல ஈத்து கண்ட எருமை. அது போட்ட கன்னுங்களும் தனக்குத்தான்னு அம்மாயி பிடிவாதம்.

நியாயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. சிரிப்பு வர்ற மாதிரி மட்டும் வேண்டாம், மணல் மூட்டையை இன்னும் எடுக்கலை.