பனிக்கு அடியில் ஒரு தெலுங்கு வசவு

பாதுகாப்பு வாரத்தில் முதல் பரிசு வாங்கிய மனிதர், அந்தப் பரிசின் காரணமாகவே தம் வலது கையை தகடு அழுத்தும் இருநூறு டன் பிரஸ்ஸுக்குள் நீட்டினார். ஓசூர்த் தொழிற்பேட்டையில் இதெல்லாம் பதிவேட்டில் ஏறுவதில்லை.

சௌந்தரராஜன் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். பதினாறு வருஷம் பட்டாளம், அதன்பின் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில், பிரஸ்ஸில் டை எனும் இரும்பு அச்சைப் பொருத்தும் செட்டர். பட்டாளத்தில் இந்தியும் பஞ்சாபியும் கற்றவர், ஓசூருக்கு வந்து பதினெட்டு வருஷமாகியும் தெலுங்கில் ஒரு வாக்கியம்கூட அறியமாட்டார். சுற்றிலும் எல்லோரும் தமிழும் பேசும்போது எதற்கு என்பது அவர் கட்சி.

பரிசு, இரண்டு சினிமா டிக்கெட். ஞாயிறு மதியக் காட்சிக்கு மனைவி பேச்சியம்மாளுடன் போனார். தமிழில் பேசவைத்த வெளிநாட்டுப் படம். போரிலிருந்து வீடு திரும்பிய சிப்பாய் ஒருவன் தூங்க முடியாமல் தவிக்கிறான். மருத்துவர்கள் இரும்புப் பெட்டிக்குள் படுக்கவைத்துத் தலையில் கருவி மாட்டுகிறார்கள். இடைவேளைக்குப் பிறகுதான் தெரிகிறது, அவன் வீடு திரும்பவே இல்லை. இடிந்த பதுங்குகுழிக்குள் செத்துக்கொண்டிருக்கிறான். மனைவி, வேலை, தெரு, எல்லாம் மூளை கடைசி நிமிஷங்களில் கட்டிக்கொண்ட கற்பனை. அதைச் சோதிக்க, ஓடுகிற பெரிய விசிறிக்குள் கையை விடுகிறான். ரத்தமே வரவில்லை. தியேட்டரில் விசில் பறந்தது.

“அம்மாம் பெரிய ஃபேனு, ஒரு துணி வச்சுத் தொடைக்க ஆளில்ல பாருங்க” என்றாள் பேச்சியம்மாள், பாப்கார்னை நீட்டி.

சௌந்தரராஜன் பாப்கார்னைத் தள்ளினார். இருபத்தாறு வருஷத்துக்கு முன் எல்லையில் பனி சரிந்து, அவரும் பல்பீர் என்ற கூட்டாளியும் பதினொரு மணி நேரம் பனிக்குள் கிடந்தார்கள். பல்பீர் தன் வீட்டு எருமையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுபோனான். தோண்டி எடுத்தவர்கள் சௌந்தரராஜன் பிழைத்ததாகச் சொன்னார்கள். அவருக்குத்தான் அதில் முழு நம்பிக்கை வந்ததில்லை. அடுத்த வருஷம் நடந்த கல்யாணத்தில்கூடத் தாலி கட்டும்போது விரல் நுனியில் பனி இருந்தது. யாரிடமும் சொல்லாத இந்தப் பயத்தை இப்போது யாரோ கோடிக்கணக்கில் செலவழித்துப் படமெடுத்து, பாப்கார்னோடு விற்கிறார்கள்.

திங்கள் காலை ஆறு மணி ஷிப்ட். பிரஸ்ஸின் இரு பக்கமும் ஒளிக்கண் கம்பங்கள் உண்டு. நடுவே கை போனால் எந்திரம் நின்றுவிடும். ஒவ்வொரு ஷிப்டும் கறுப்புக் கோலை நீட்டி அதைச் சோதித்த பிறகே தொடங்கும். ஒளிக்கண்ணை அணைக்கும் சாவி செட்டரிடம் மட்டும் இருக்கும், அதாவது கம்பெனியிலேயே அதிக ஜாக்கிரதையானவரிடம்.

அவர் கோலை எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. வலது கையை டையின் மேல் வைத்தார். இரும்பு ஜில்லென்றிருந்தது. பனியும் அப்படித்தான் இருந்தது. கால் பெடலைத் தேடியது. பயந்தபடியே காலை அழுத்தப் போனார். பயம் அவரை நிறுத்தவில்லை, தள்ளியது.

பின்னாலிருந்து ஒரு கத்தல். தகரத்துண்டு கூட்டும் பார்வதி துடைப்பத்தை ஓங்கியபடி தெலுங்கில் பொரிந்தாள். அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பக்கத்து எந்திரத்து முனிராஜ் ஓடிவந்து அவர் கையை இழுத்தான். இழுத்துவிட்டு, அவள் திட்டைக் கேட்டுச் சிரித்தான்.

“என்னப்பா சொல்லுது அது?”

“வேணாம் விடுண்ணா.”

“சொல்லுலே!”

“உன் வெரலு உழுந்தா ஸ்கிராப்போட சேத்து வாரிக் கொட்டிருவாளாம். அப்பறமா தேடிக்கினு வராதேங்குறா.”

கேன்டீனில் பார்வதியை மறுபடி சொல்லச் சொல்லி, முனிராஜ் இல்லாத நேரத்தில், பரிமாறும் சின்னராஜிடம் அர்த்தம் கேட்டார். அதே விரல், அதே ஸ்கிராப். அவருக்கு மூச்சு வந்தது. தம் தலைக்குள் தெலுங்கு இல்லை. இல்லாத பாஷையில் இவ்வளவு உப்புக் காரத்தோடு தம்மைத் திட்ட அவர் மூளையால் முடியாது. ஆகவே பார்வதி வெளியே இருக்கிறாள். ஆகவே அவரும் வெளியேதான்.

அன்றிலிருந்து தினமும் காலை வலியப்போய்ப் பார்வதியிடம் திட்டு வாங்கினார். முனிராஜிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார். “பட்டாளத்துக்காரருக்கு இது இல்லாம டீ எறங்காது” என்று பட்டறையே சிரித்தது.

மூன்றாம் மாதம் ஒரு காலை, முனிராஜ் வாய் திறக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. ‘கிழட்டுக் கோட்டானே, இன்றைக்காவது வழியை விடு.’ தெலுங்கு தலைக்குள் நுழைந்துவிட்டது. இனி பார்வதியும் உள்ளேயிருந்து வரலாம். பாக்கெட்டிலிருந்த சாவி தொடையில் குளிர்ந்தது. அன்று முழுக்க அவர் எந்திரத்தின் அருகே கைகளைக் கட்டிக்கொண்டே நின்றார்.

சாயங்காலம் வீட்டில், பல்பீரின் எருமையிலிருந்து தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னார். பேச்சியம்மாள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

“அப்போ நானும் உங்க கனவுதானா?”

“தெரியலையே தாயி.”

“இருபத்தஞ்சு வருசமா நீங்க விடுத கொறட்டையில தூங்காமக் கெடக்கேன். நீங்க அசந்து தூங்குதீக, நான் முழிச்சு மோட்டுவளையப் பாத்துட்டிருக்கேன். அந்த நேரத்த யாரு கனவு காணுதா, சொல்லுங்க?” அவள் குரல் உடைந்தது. வெங்காயம் என்று அவர் நினைத்துக்கொள்ளலாம். “அந்தச் சாவிய நாளைக்கே குடுத்துருங்க.”

அவர் வெங்காயத் தோலை அள்ளிக் குப்பையில் போட்டார். பயம் போகவில்லை. ஆனால் மறுநாள் சாவியை மேலாளர் குருமூர்த்தியின் மேசையில் வைத்தார்.

“ஏன் சார்? நீங்கதானே பாதுகாப்பு வாரத்துல பர்ஸ்ட் பிரைஸ்?”

“பயமா இருக்கு சார்.”

பட்டாளத்திலும் சரி, கம்பெனியிலும் சரி, அவர் அந்தச் சொல்லை அதுவரை உச்சரித்ததில்லை. சாவியைத் திருப்பித் தரும் படிவத்தில், காரணங்களுக்கிடையே பயத்துக்குக் கட்டம் இல்லை. குருமூர்த்தி கொஞ்சம் யோசித்து, ‘கண்பார்வை மங்கல்’ என்று எழுதி, சாவியை முனிராஜுக்கு மாற்றினார்.