மறைக்க வேண்டாம் என்றவர்

உசிலம்பட்டியில் கடலை விவசாயிகளுக்காக நாங்கள் ஒரு கருவி வைத்தோம். கேமரா படம் எடுக்கும், செயற்கை நுண்ணறிவு தரம் சொல்லும், சொன்னது பிளாக்செயின் என்னும் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். ஏறியதை யாராலும் அழிக்க முடியாது. அதைப் பார்த்துத்தான் வியாபாரிகள் வாங்குவார்கள்.

முதல் நாளே ஒரு பெண் கடலை மூட்டையோடு வந்தார். வெயிலில் கறுத்த, ஒல்லியான உருவம். பேசும்போதும், பருப்பு முற்றியிருக்கிறதா என்று ஒரு கடலையைக் காதருகே ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூலி வேலையை விட்டு, அவர் சொந்தமாக எடுத்த முதல் வெள்ளாமை அது.

கருவி, "பூசணம், கடைசித் தரம்" என்று காட்டியது.

"பூசணமில்லண்ணே. எங்க செவக்காட்டு மண்ணு ஒட்டியிருக்கு. ஒங்க மெஷினுக்கு அது தெரியல" என்றார். ஒரு படி கடலையைக் குடத்துத் தண்ணீரில் அலசி, மீண்டும் வைத்தார். முதல் தரம் என்று வந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. "பழசை அழிக்க முடியாதும்மா. ஆனா திரையில தெரியாம மறைச்சிரலாம்" என்றேன்.

"எதுக்கு மறைக்கணும்? அது தப்பாச் சொன்னதும் தெரியட்டும், நான் இல்லேன்னு காட்டுனதும் தெரியட்டும். அம்புட்டுப் பேரும் பாக்கட்டும்ணே."

அந்த மண் ஒட்டிய கடலைகளின் படங்களைக் கொண்டே கருவியைத் திருத்தினோம். இன்று செவக்காட்டுக் கடலையை எங்கள் கருவி எதுவும் ஒதுக்குவதில்லை. புது ஊருக்குப் போகும்போதெல்லாம் எங்கள் தவறையும் அவர் திருத்தத்தையும்தான் முதலில் காட்டுகிறேன். மக்கள் கருவியை நம்புவது அதற்குப் பிறகுதான்.