டோக்கியோவிலிருந்து வந்த இனிப்பு

பக்கத்து வீட்டு ஜப்பானிய அம்மாள் டோக்கியோ போய் வந்ததும் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார், கையில் ஓர் இனிப்புப் பெட்டியோடு. இந்த அமெரிக்க ஊரில், குபெர்டினோவில், என் அம்மாவுக்கு வாக்கிங் துணை அவர் ஒருவர்தான். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது; அது அவர்களுக்கு ஒரு குறையாகவும் தெரியவில்லை.

போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். ஒன்றில் ஒரு பெரிய கோயில் வாசல். எனக்குச் சுருக்கென்றது. அந்த வாரம்தான் அதைச் செய்தியில் பார்த்திருந்தேன். போரில் செத்தவர்களைத் தெய்வமாக வைத்து வணங்கும் ஷின்டோ மதக் கோயில். போர்க்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட தலைவர்களும் அங்கே தெய்வம்தான். ஜப்பான் மந்திரி ஒருவர் போய்க் கும்பிட, கொரியாவும் சீனாவும் கொதித்தன.

எங்கள் வீட்டிலும் கொதிக்கக் காரணம் உண்டு. அம்மாவின் அப்பா மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். உலகப் போரின்போது சயாமில் ரயில் பாதை போட ஜப்பான் படை அவரை இழுத்துப்போனது, அவர் திரும்பவில்லை. அம்மா அவர் முகத்தையே பார்த்ததில்லை. செத்த நாள் தெரியாததால் மகாளய அமாவாசையன்று அவருக்குப் படைப்போம்.

அது எந்த வாசல் என்று அம்மாவுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. ஆனால் என் கண் இனிப்புப் பெட்டி மேலேயே இருந்தது. கோயிலுக்குப் போனவர் வெறுங்கையோடு வருவாரா? இது பிரசாதமேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் குப்பையில் போட எடுத்தால் பெட்டி பாதி காலி.

"நாந்தான் சாப்ட்டேன். நம்ம கொழுக்கட்ட மாதிரியே இருக்கு," என்றாள் அம்மா.

வந்த கோபத்தில், வாக்கிங்குக்கு அழைக்க வந்தவரை வாசலிலேயே நிறுத்தி ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன், இது அந்தக் கோயில் இனிப்பா என்று.

ஏர்போர்ட்டில் வாங்கியது என்றார். பிறகு முகம் மாறி, கும்பிடப் போகவில்லை என்றார். அவருடைய பெரியப்பா பர்மாவில் செத்த சிப்பாய். வீட்டாரைக் கேட்காமலே அங்கே தெய்வமாகச் சேர்த்துவிட்டார்களாம். பெயரை எடுக்கச் சொல்லப் போனாராம். சேர்த்த ஆவியைப் பிரிக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்களாம்.

நான் நம்பவில்லை. மாட்டிக்கொண்டால் எல்லோருக்கும் ஒரு கதை வந்துவிடும்.

"என்னடி சொல்றாங்க?" என்றாள் அம்மா, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே. இனி மறைக்க முடியாது. வாசல், கோயில், பெரியப்பா, எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா லேஸைப் பாதியில் விட்டு நிமிர்ந்தாள்.

"அவங்க பெரியப்பாவ வேணாம்னாலும் விட மாட்டேங்கறாங்க," என்றாள். "எங்கப்பாவ எங்க போட்டாங்கன்னு கேளுடி."

கேட்டேன். அந்த அம்மாள் அப்படியே குனிந்தார், வெகுநேரம் நிமிரவில்லை. அன்று இருவரும் வாக்கிங் போகவில்லை.