தாத்தா கட்டிய சுவர்

ரோஸ்விதாவுக்கு ஐம்பத்தாறு வயது. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை வாரத்துக்கு மூன்று நாள், வெளிநாட்டுக்காரர்களைச் சைக்கிளில் மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை டான்யூப் ஆற்றின் கரையோரமாகக் கூட்டிப்போவது அவள் பிழைப்பு. முன்னால் போனால் பின்னால் வருகிறவன் குறை சொல்வான். பின்னால் போனால் முன்னால் போகிறவன் வழி தவறுவான். சீட்டு குத்துகிறது என்பதற்கும் அவளிடம்தான் புகார், எதிர்காற்று அடிக்கிறது என்பதற்கும் அவளிடம்தான். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இவள் மத்தளம். எல்லாவற்றுக்கும் சிரித்துப் பழகிவிட்டாள்.

ஆனால் அந்தச் செப்டம்பர் செவ்வாய்க்கிழமை மட்டும் அவளுக்குச் சிரிப்பு எளிதாக வரவில்லை. எங்கள் கரையில் திராட்சைத் தோட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கடை திறப்பதில்லை. இந்த இரண்டு வாரம் இவன், அடுத்த இரண்டு வாரம் அவன் என்று முறை. யார் முறையோ அவர் வாசலில் ஒரு கம்பில் பைன் கிளைக் கொத்து தொங்கும். கொத்து தொங்குகிற வீட்டில்தான் சைக்கிள்காரர்களுக்கு மதியச் சாப்பாடும் வைனும். அந்த வாரம் கொத்து தொங்கியது அவள் பிறந்த வீட்டில். இப்போது அது தம்பி எங்கல்பெர்ட்டின் வீடு. மலைச்சரிவில் படிபடியாக இருக்கும் தோட்டத்தின் மேலடுக்கை அவளுக்குத் தருவானா மாட்டானா என்று அவன் அன்றைக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த மேலடுக்கின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரத்து இரண்டில் பேய்மழை பெய்து ஊரையே ஆறு விழுங்கியபோது, மலை மேல் மண்ணைத் தாங்கி நின்ற பழைய சுவர் சரிந்து அந்த அடுக்கே கீழே வந்துவிட்டது. அப்பாவுக்கு அப்போது வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திருந்தது. எங்கல்பெர்ட் லின்ஸ் நகரத்தில் கார் விற்றுக்கொண்டிருந்தான். "விடுங்க, அந்த மேட்டுல என்ன விளையப்போகுது" என்று போனில் சொன்னான். ரோஸ்விதா விடவில்லை. மூன்று குளிர்காலம், ஒற்றை ஆளாக, சிமென்ட் இல்லாமல் கல்மேல் கல் அடுக்கி இருபத்தெட்டு மீட்டர் சுவரை எழுப்பினாள். மேலே முந்நூறு ரீஸ்லிங் திராட்சைக் கொடி நட்டாள். கேட்டு வந்த இரண்டு மாப்பிள்ளைகளும் அவளுடைய காய்த்துப்போன கையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டதாக ஊரில் கேலி பேசினார்கள்.

எங்கள் பக்கம் தோட்டத்தைத் துண்டு போடுவது பாவம். ஒரு பிள்ளைக்கு முழுதும் போகும். மற்றப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். அப்பா சாவதற்கு முன்னால் சமையலறை மேசையைத் தட்டி, "வீடு அவனுக்கு. மேலடுக்கு நீ சாகிற வரைக்கும் உனக்கு" என்றார். மேசையில் சொன்ன சொல்லுக்கு மேல் பத்திரம் எதற்கு என்று நினைத்தாள் ரோஸ்விதா. எங்கள் ஊரில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள், நினைத்துத்தான் கெடுவார்கள். கையெழுத்துப் போட்டாள். அப்பாவைப் புதைத்த வருஷமே, "எல்லாம் ஒண்ணா இருந்தாத்தான் அக்கா கட்டுப்படியாகும்" என்று சொல்லித் தம்பி மேலடுக்கையும் வைத்துக்கொண்டான்.

பதினாறு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தவள், இந்த வசந்தத்தில் போய்க் கேட்டாள். சொந்தமாக வேண்டாம், குத்தகைக்குக் கொடு. நானே வெட்டி, நானே பறித்து, ஒரே ஒரு பீப்பாய் வைன் என் கையால் போட்டுப் பார்க்கிறேன் என்றாள். "அறுவடைக்கு முன்னாடி சொல்றேன்" என்றான் அவன். அறுவடைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

அன்று அவளோடு எட்டுப் பேர். அதில் இட்வால் என்று வேல்ஸிலிருந்து ஒரு கிழவர், எழுபத்தெட்டு வயது. ஸ்பிட்ஸ் ஊரைத் தாண்டும்போது அவர் டயர் பஞ்சர். அவள் சக்கரத்தைக் கழற்றி ட்யூபை மாற்றுவதை உட்கார்ந்து பார்த்தார்.

"கை வேலை தெரிஞ்ச கைம்மா உன்னோடது" என்றார்.

"பஞ்சர் ஒட்டத் தெரிஞ்ச கை, தாத்தா. சீக்கிரம் ஏறுங்க, வைன் சூடாயிடும்."

மதியம் வீட்டு முற்றத்தில் வண்டிகளைச் சாய்த்தார்கள். தம்பி பெண்டாட்டி ஹெர்மினே எட்டுப் பேரையும் வால்நட் மரத்தடியில் உட்கார வைத்தாள். ரோஸ்விதாவுக்குச் சமையலறை வாசல் பெஞ்சைக் காட்டினாள். கூட்டம் கொண்டுவருகிற வழிகாட்டிக்கும் பஸ் டிரைவருக்கும் சாப்பாடு இலவசம். அது எல்லா வீட்டு வழக்கமும்தான். கறுப்பு ரொட்டி, பன்றிக்கொழுப்பு, வெங்காயம். அந்தத் தட்டு மடியில் இருக்க, தான் தவழ்ந்த வாசல்படியில் விருந்தாளி செருப்புகள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு அவள் மென்றாள்.

எங்கல்பெர்ட் வந்தான். தோள் தட்டினான்.

"என்னக்கா, இளைச்சிட்ட? சைக்கிள் மிதிச்சு மிதிச்சு நீயே ஹேண்டில்பார் மாதிரி ஆயிட்ட."

"அத விடுடா. என்ன முடிவு பண்ண?"

"சொல்றேன், சொல்றேன். முதல்ல இவங்கள மேல கூட்டிட்டுப் போவோம். நான் சொல்லச் சொல்ல நீ இங்கிலீஷ்ல சொல்லு. எனக்குக் கேட்டாப் புரியும், பேசத்தான் வராது."

மேலடுக்குக்கு ஏறினார்கள். காய் பொன்னிறம் கண்டிருந்தது. எங்கல்பெர்ட் சுவர் மேல் கை வைத்து, கண்ணாடிக் குவளையைத் தூக்கிப் பிடித்து, கோயிலில் பிரசங்கம் செய்கிறவன் குரலில் சொன்னான்: "இந்தச் சுவரு எங்க தாத்தா கட்டினது. போரு முடிஞ்சு வந்து, தன் கையால."

தாத்தா போரிலிருந்து வந்ததும் நிஜம், அவர் வாழ்நாளில் ஒரு கல்லைக்கூட நகர்த்தாமல் சீட்டாடியே செத்ததும் நிஜம். எட்டுப் பேரும் மொழிபெயர்ப்புக்காக ரோஸ்விதாவின் முகத்தையே பார்த்தார்கள். தம்பியும் பார்த்தான். பதில் இன்னும் அவன் வாயில்தான் இருந்தது. இங்கே அவன் மூக்கை உடைத்தால் மேலடுக்கு போயிற்று.

"இதை இவங்க தாத்தா கட்டினார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

இட்வால் கிழவர் மட்டும் சுவர் ஓரமாகக் குனிந்து நடந்தார். இடுக்குகளில் விரல் விட்டார்.

"எழுபது வருஷச் சுவரா? இருக்காதே" என்றார். "நாப்பது வருஷம் எங்க மலையில ஆட்டுக்கு நான் சுவர் கட்டினவன். இதுக்கு மிஞ்சிப்போனா இருபது, இருபத்தஞ்சு வயசு. இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. இதுல ரெண்டு பேர் தூக்குற கல்லு ஒண்ணுகூட இல்ல. யாரோ ஒரே ஆளு, துணைக்கு நாதியில்லாம கட்டியிருக்காங்க. யாரும்மா அது?"

அவளுக்குக் கண் எரிந்தது. இருபது வருஷத்தில் அந்தச் சுவரைச் சரியாகப் பார்த்த முதல் மனிதர், நாளைக்கு விமானம் ஏறுகிற ஓர் அந்நியர். 'நான்' என்று ஒரு சொல். நாக்கு நுனி வரை வந்தது. எங்கல்பெர்ட்டின் புருவம் ஏறுவதைப் பார்த்தாள்.

தவளை தன் வாயால் கெடும் என்று சும்மா சொல்லவில்லை. "தாத்தாதான். தனியாத்தான் கட்டினார்" என்று தொடங்கினாள். "பழைய கல்லையே திரும்ப எடுத்துக் கட்டினதாலே புதுசு மாதிரி இருக்கும். மூணு குளிர்காலம். காலையில கல்லு மேல பனி ஒட்டியிருக்கும், வெந்நீர் ஊத்திப் பிரிச்செடுப்பார். ஒரு நாள் கல்லு நழுவி நடுவிரல் நகம் முழுசாப் பிஞ்சிடுச்சு. துணியச் சுத்திக்கிட்டு அன்னைக்கு எடுத்த வரிசைய முடிச்சிட்டுத்தான் இறங்கினார். வீட்டுல யாருமே என்னன்னு கேக்கல." பேசப் பேச, நகம் கோணலாக முளைத்திருந்த தன் விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். இட்வால் தொப்பியைக் கழற்றினார். "பெரிய மனுஷன்" என்றார். எல்லோரும் சுவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ரோஸ்விதாதான் எடுத்துக்கொடுத்தாள்.

இறங்கும்போது தம்பியைப் பின்னால் நிறுத்தினாள். "இப்பவாவது சொல்லு."

எங்கல்பெர்ட் பூரித்துப்போயிருந்தான். "அக்கா, நிஜமாச் சொல்றேன், ஒரு மணி நேரம் முன்ன வரைக்கும் குடுத்துடலாம்னுதான் இருந்தேன். ஏறி எறங்க எனக்கும் முட்டி வலிக்குது. ஆனா அவங்க மூஞ்சியப் பாத்தியா? அழறாங்க! இத எப்படி வெளிய விடுறது, நீயே சொல்லு. ஹெர்மினேகிட்ட சொல்லி, பாட்டில்லயே 'தாத்தா சுவர்'னு பேர் போடப்போறேன்."

அவள் அவனைப் பார்த்தாள். இவனைப் பிடித்துத் தள்ளினால் எத்தனை அடுக்கு உருளுவான் என்று ஒரு கணம் கணக்குப் பார்த்தாள். அவன் மேல் வந்த வெறுப்பைவிடத் தன் மேல் வந்த வெறுப்பு பெரிதாக இருந்தது.

"அந்த நகம் பிஞ்ச விஷயம் எனக்கே தெரியாது பாரு" என்றான் அவன், தன் கதையைத் தானே நம்பிவிட்டவன் போல. "யாரு சொன்னா, அப்பாவா?"

"ஆமா. அப்பாதான்."

"எங்கிட்ட சொல்லவே இல்ல மனுஷன். சரி, இனிமே வரும்போதெல்லாம் இப்படியே சொல்லு. நகத்த மட்டும் விட்டுடாத."

கீழே எட்டுப் பேரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். கிரெம்ஸுக்கு இன்னும் பதினேழு கிலோமீட்டர்.

"வியாழக்கிழமை பன்னிரண்டு பேர் வராங்க" என்றாள் ரோஸ்விதா. "மேல நிழலுக்கு ஒரு பெஞ்சு போட்டு வை."